கரையிறங்கும் சரக்கு

ஃப்ரெஷ் பாண்ட் ஏரிக்கரையில் வேனை நிறுத்தி
சோற்று டப்பாவை ஸ்டியரிங்கில் முட்டுக்கொடுத்து
நான் இப்போது ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் இருக்கிறேன்.
இருபத்தெட்டு நிமிடம் பாக்கி.
அதற்குள் சரக்கு கரையிறங்கியாக வேண்டும்.

எதிரே சூப்பர்மார்க்கெட். அதன் ஏழாம் வரிசையில்
உறைந்த பட்டாணிக்குக் காய்ச்சல்.
காலையிலிருந்து அதற்குத்தான் என் வைத்தியம்.

புத்தகம் கேம்பிரிட்ஜ் நூலகத்தினுடையது.
ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம்,
அதில் தொண்ணூறு வெறும் பின்குறிப்புகள்.
(முதலில் அதைத்தான் படிப்பேன். ஊறுகாயை முதலில் நக்குகிறவன்.)
எனக்கு முன்னால் படித்த யாரோ
ஓரங்களில் பென்சிலால் சண்டை போட்டிருக்கிறார்.
நூற்று நான்காம் பக்கத்தில், 'ஆதாரம் எங்கே?'
நூற்று ஒன்பதில், 'சரி, ஒத்துக்கொள்கிறேன்.'
இடைப்பட்ட பக்கங்களில் அவருக்கு என்ன ஆயிற்று என்று
தேடித் தேடி ஒரு ராத்திரி தூக்கம் போனது.

இந்தத் தண்ணீர்தான். இதோ,
கம்பிவேலிக்குள் வாத்துகளோடு கிடக்கிறதே, இது.
தை மாதக் குளிரில் குதிரை பூட்டி
இதன்மேல் ஏர் ஓட்டியிருக்கிறார்கள்.
விதைக்க அல்ல, நேரே அறுவடைக்கு.
கோடு கிழித்து, மைசூர்பாகு போடுவதுபோல்
வில்லை வில்லையாய்ப் பெயர்த்து,
மரத்தூளில் புதைத்து, கப்பல் வயிற்றில் அடுக்கி
நான்கு மாதக் கடல்.
பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்ட வேண்டும்
ஒரு பனிக்கட்டி.

வார்த்தான் கேட்டான் போன வாரம்
கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டே:
'முடிவு தெரிந்த கதையில் என்னடா ருசி?
கப்பல் போயிற்று, ஐஸ் உருகிற்று, எல்லாரும் செத்தும் போனார்கள்.'
அவன் படிப்பதெல்லாம் கொலைக்கதை.
கடைசி அத்தியாயத்தை யாராவது சொல்லிவிட்டால்
இரண்டு நாள் பேசமாட்டான்.
எனக்கு அப்போது பதில் வரவில்லை.
கை ஸ்பேனரில் இருந்தது.

உருகும் என்று ஏற்றும்போதே எல்லாருக்கும் தெரியும், வார்த்தான்.
எவ்வளவு மிஞ்சியது என்பதில்தான்
அவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பக்கம் இருநூற்று அறுபத்தொன்று.
மதராஸ். வட்டமாய் ஒரு கட்டிடம், கடலைப் பார்த்து.
ஐஸ் ஹவுஸ்.
கையிலிருந்த அப்பளம் நமத்துப்போகும்வரை
அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
'அய்ஸவுஸ் எறங்கு, அய்ஸவுஸ்!'
மூன்று வருடம் கண்டக்டர் கத்தியதில்
ஐஸும் கேட்கவில்லை, ஹவுஸும் கேட்கவில்லை எனக்கு.
அந்த நிறுத்தத்தில் இறங்கித்தான்
குளிர்சாதனத்தில் டிப்ளமா படித்தேன் என்று
வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகுகள்
அலையில் ஏறி இறங்கிக் கட்டிகளைக் கொண்டுவருகின்றன.
அப்புறம் மணல். மத்தியான மணல்.
'உள்ளூர்க் கூலிகள் சுமந்தனர்.'
அவ்வளவுதான், ஒரு வரி.
பெயரகராதியில் மரத்தூளுக்குப் பதினொரு பக்கம்,
கூலிகளுக்கு இந்த ஒன்று.
பின்குறிப்புக்கு ஓடினேன்:
'இவர்களைப் பற்றிய பதிவு எதுவும் எனக்குக் கிட்டவில்லை.'

நாவலாக இருந்தால் அங்கே ஒரு பெயர் வைத்து
அவனுக்கொரு காதலும் கொடுத்திருப்பார்கள்.
இந்த மனிதர் எதையும் கொடுக்கவில்லை.
காலியாக விட்டுவிட்டு, அது காலி என்று எழுதிப்போயிருக்கிறார்.
அதற்காகவே அவரை நம்புகிறேன்.

முதல் கட்டி தலையில் ஏறியதும்
சுட்டது என்று நினைத்திருப்பானோ?
பிடரியில் வழிந்த தண்ணீரை
நாக்கை நீட்டிப் பார்த்திருப்பானோ?
அது இந்த ஏரி.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான்.
செம்புக்குழாயில் அளவு குறிக்கும் பென்சில் காதிலேயே இருந்தது.
'சும்மாடு துணியா, வைக்கோலா?'
தமிழில் எழுதினேன், முன்னவர் கையெழுத்துக்குக் கீழே.

அழிரப்பர் டூல்பாக்ஸில் இருக்கிறது.
திருப்பவேண்டிய நாள் வியாழன்.
போன் அடிக்கிறது, ஏழாம் வரிசை.