பேரிமரத்துக்கு விலகிய கோவில்

விரிசலை அளக்கத்தான் வந்தேன்.
ரெய்னர்ஷ்லாக். நாற்பத்தொரு வீடுகள்,
ஒரு பால் நிலையம், பாதி உருகிய மார்ச் பனி.
சாவி கொண்டுவந்த நோட்புர்காவின் கையில்
ரொட்டி மாவு காயாமல் இருந்தது.
பூட்டுக்கு இரண்டரைச் சுற்று.
அந்த அரைச் சுற்றுக்குத் தோள் வேண்டும்.

உள்ளே தூண்கள்
ஓரங்களில் அல்ல, நட்டநடுவில்,
ஒற்றை வரிசையாக மூன்று.
எட்டுப் பட்டை, போதிகை கிடையாது.
எங்கே தூண் முடிந்ததென்று சொல்லாமலே
கல் விலா விலாவாகப் பிரிந்து
கூரையில் மீன்வலை பின்னுகிறது.
பின்னால் உட்கார்ந்தால்
பீடமும் தெரியாது, குருவானவரும் தெரியமாட்டார்.
"அந்த இடத்துக்குத்தான் போட்டி" என்றாள்.

நூல் பிடித்துப் பார்த்தேன், லேசர் வைத்தும் பார்த்தேன்.
பீடக்கூடம் வடக்கே நான்கு பாகை ஒடிகிறது.
சிலுவையில் ஆண்டவர் தலை சாய்ந்தாரே,
அதற்காக என்கிறது ஊர்.
நானும் தலையாட்டினேன்.
கோவிலின் பழைய கணக்கேடு ஆட்டவில்லை:
'கொலோமன் ஹாஸ்லர் பேரிமரத்தைத் தர மறுத்தான்.
மூன்று முறை போய்க் கேட்டோம்.
அவனுக்கு மது வாங்கிய வகையில் பதினாறு பெனிக்.'

அதே கையெழுத்தில், இரண்டு பக்கம் தள்ளி,
சுண்ணாம்பு, முட்டை, ஈயம்,
சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு ஒரு போர்வை.
பிறகு ஏடு மெலிகிறது.
சந்தையில் புதுப் பிரசங்கம்,
உண்டியலில் பழைய பித்தான்கள்.
கொத்தனார் எர்ஹார்டுக்குப் பாக்கி, பாக்கி, பாக்கி.

வடமேற்கு மூலையில் ஒரு விலா
எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது,
முனை மட்டும் அழகாகச் சீவிவிடப்பட்டு.
அக்காலத்துக் கொத்தர்கள் இப்படி விளையாடுவதுண்டு.
கூலி வராத கோபமும் இதே வடிவில்தான் இருக்கும்.
இரண்டில் எதுவென்று உளித்தடம் சொல்லவில்லை.

ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினேன்.
கீழிருந்து பார்த்த அந்த வலைக்கு
மேலிருந்து யானைமந்தையின் முதுகு:
சாம்பல் நிறம், மேடு பள்ளம், காக்கை எச்சம்.
கனம் ஒரு சாண்தான்.
ஐந்நூறு வருட ஜெபங்களுக்கும்
வானத்துக்கும் நடுவே ஒரு சாண்.
ஒரு செங்கல்லில் நாயின் காலடி,
சூளைக்குப் போகுமுன் ஈரத்தில் ஓடியது.
அதையும் வரைபடத்தில் குறித்தேன்,
எந்தக் குறியீடும் இல்லாததால் 'நாய்' என்று எழுதி.

விரிசல் இரண்டு மில்லிமீட்டர்.
ஒடிவில் தொடங்கி
அந்தரத்து விலாவரை வந்து
அங்கே நிற்கிறது.

"விழுமா?"
"இப்போதைக்கு இல்லை."
"அதைத்தான் போன ஆளும் சொன்னார்."

வெளியே வந்தோம். பேரிமரம் நின்ற இடத்தில்
இப்போது தார்ச்சாலை, எதிரே தீயணைப்பு நிலையம்.
ஏதோ வைக்கோற்போர் புகைகிறதாம்,
சிவப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து
கோவில் மூலையில்,
சுவர் விலகிக்கொடுத்த அந்தச் சிறு அகலத்தில்
ஒரே ஒடிப்பில் திரும்பிப் போனது.

நோட்புர்கா கதவைத் தோளால் தள்ளி
அரைச் சுற்றைப் பூட்டினாள்.