நாற்பது தப்படி

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு
அறுபத்திரண்டு ஸ்லைடு செய்து கொடுத்தவள் நான்.
மஞ்சள் வாளிக்கு ஒரு சிரித்த முகம்,
சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று.
ஊசிக்கு வெள்ளைப் பெட்டி என்று
மூன்று மொழியில் சொல்லும் ஒரு குரல்.
கடைசியில் பத்துக் கேள்வி.

வார்டு ஊழியர் எல்லோரும் பத்துக்குப் பத்து.
அந்த மாதமும் ஐந்து பேர் விரலில் ஊசி.

இன்னொரு தடவை வகுப்பு வையுங்கள் என்றது மேலிடம்.
வைத்தேன்.
இரண்டாம் வரிசையில் இசக்கியம்மாள்
கேள்வி முடியுமுன் விடையைச் சொல்லிவிட்டுக்
கொட்டாவி விட்டாள்.
ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

தெரிந்தவளுக்கு எதைத் தெரிவிப்பது?

அன்றிரவு ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.
ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, கொசு.
மணி இரண்டரை. பதினேழாம் படுக்கை.
ஊசி போட்ட பயிற்சி டாக்டர்
ஒரு கையால் பஞ்சை அழுத்திக்கொண்டு
மறுகை ஊசியை எங்கே வைப்பதென்று பார்த்தான்.
வெள்ளைப் பெட்டி வார்டின் அந்தக் கோடியில்.
பிறகு நடந்து எண்ணினேன்:
நாற்பது தப்படி.
மஞ்சள் பை அவன் காலடியில்.

அந்தப் பையை விடியலில் கட்டுகிறவள் இசக்கியம்மாள்.
நான் பாடம் நடத்தியதும் அவளுக்குத்தான்.

மறுநாள் துணி அடுக்கும் அறையில்
நால்வரை நிற்கவைத்தேன்.
டாக்டர் துஷார், நர்ஸ் பிளெஸ்ஸி, இசக்கியம்மாள்,
ஷாலன் தாய்.
மராத்தியில் அது அக்கா, என் காதுக்கு மட்டும் அம்மா.
நாற்காலி இல்லை, ஸ்லைடு இல்லை.
ஒரு மஞ்சள் பை, ஒரு வெள்ளைப் பெட்டி.
ராத்திரி இரண்டரைக்கு என்ன நடக்கும்,
செய்து காட்டுங்கள் என்றேன்.

துஷார் செய்து காட்டினான்.
பாதியில் கை நின்றது.
பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டான்.
யாரும் பேசவில்லை.
வாய்வரை வந்த விளக்கத்தை நான் விழுங்கினேன்.
என் தொழிலில் அதுதான் கஷ்டம்.

பிறகு ஒரே கூச்சல். இந்தி, மராத்தி,
நெல்லைத் தமிழில் ஒரு வசவு.
பிளெஸ்ஸி மருந்து டிராலியை இழுத்துவந்தாள்.
ஷாலன் தாய் பழைய சலைன் குழாயால்
பெட்டியை அதன் விலாவில் கட்டினாள்.
கோணல்தான்.
ஆனால் கைக்கு எட்டியது.

என் அறுபத்திரண்டில்
டிராலி ஒன்றில்கூட இல்லை.

படிவத்தில் எழுதினேன்: பயிற்சி நேரம், இருபது நிமிடம்.
திரும்பி வந்தது.
இரண்டு மணி நேரமாவது இருந்தால்தான்
பயிற்சி என்று கணக்கில் ஏறுமாம்.

இசக்கியம்மாளிடம் சொன்னேன்.
"பதினோரு வருசமா குத்து வாங்கியிருக்கேன்,
அதையும் கூட்டிப் போடுங்க மேடம்" என்றாள்.