கைமாற்று

கல்புகோவில் மழை ஓய்ந்த நாள் எனக்கு நினைவில்லை.
மீன்வலைக் கிடங்கின் பின்னறையில் கணக்கு எழுதுகிறேன்,
இரண்டு முதலாளிகளும்
சம்பளம் வாங்க நான் ஒருத்தியுமாக
ஒரு கம்பெனி.

செய்யும் பொருள், கடலுக்குள் இறக்கும் பெட்டி.
சிப்பிக் கயிறுகளுக்கு அடியில்
நீர் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு
என்று அது சொல்ல வேண்டும்.
முதல் பெட்டி சொல்லவில்லை.
மூன்றாம் நாளே உப்பைக் குடித்துச் செத்தது.

மானியப் படிவம் கேட்டது:
'புதுமைக்கான வளங்கள் எவை? ஆதாரத்துடன் நிரப்புக.'
நான்கு வரி இடம்.
மியாராய் விற்ற மோட்டார் சைக்கிளை எழுதினேன்.
மூன்று பண்ணைக்காரர்கள் தந்த முன்பணத்தை எழுதினேன்
(அந்த நோட்டுகளில் மீன் வாடை).
இடம் முடிந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தின் அழுத்தக் கலத்தை எழுதவில்லை.
ஞாயிறு இரவுகளில் காவலாளி எலியேசர்
சாவியை மேசைமேல் மறந்துவிட்டுத்
தேநீர் குடிக்கப் போவார்.
மிக நீண்ட தேநீர்.

பிறகு நிபால்தோ, சிப்பிக்கு மூழ்குபவர்.
சோதிக்கக் கொடுத்த இரண்டாம் பெட்டியைக்
கொண்டுவந்து மேசையில் போட்டார்.
"கையுறை போடாத எவனோ செய்திருக்கிறான்."
அவருடைய தடித்த கறுப்புக் கையுறையை
மியாராய் மாட்டிப் பார்த்தாள்.
பொத்தான் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.
வெகுநேரம் அவள் அதைக் கழற்றவில்லை.

பொத்தான் போய்க் கைப்பிடி வந்தது.
கைப்பிடி வந்ததும் மூடியில் ஓட்டை வேண்டாமல் போனது.
ஓட்டை இல்லாத இடத்தில்
உப்புக்கு என்ன வேலை?

மானியம் வரவில்லை.
சந்தியாகோவிலிருந்து பணம் போட வந்தவர்
கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த யோசனை யாருடையது?"
"எங்களுடையது" என்றான் அமதோர்,
கொஞ்சம் வேகமாக.
மியாராய் சன்னலில் மழையைப் பார்த்தாள்.

அன்றிரவு பேரேட்டில் பென்சிலால் எழுதினேன்:
கைமாற்று. நிபால்தோ. ஒரு ஜோடி கையுறை, ஒரு வசவு.
தொகைக் கட்டம் காலி.
தணிக்கைக்கு வந்தவர் அதை அழித்துவிட்டு
ரப்பர் துகளை ஊதித் தள்ளினார்.

போன செவ்வாய் நிபால்தோ வந்தார், பெட்டி வாங்க.
கையுறையோடே கைப்பிடியை மூன்று முறை முறுக்கினார்.
பல்லால் கடித்துக் கையுறையை உருவி
ஈர நோட்டுகளை எண்ணி வைத்தார். முழு விலை.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
'பெற்றுக்கொண்டோம்' என்று அச்சடித்திருந்தது.
அதற்குக் கீழே பேனா நின்றுவிட்டது.
சீக்கிரம், என்றார்,
படகு காத்திருக்கிறது.