ஒரு சுவிட்ச் கூடுதல்

முத்துப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
மூன்றாவது தகரக் கொட்டகை.
சேகுதாவூது ஸ்டூலில் உட்கார்ந்து
என் பிளாட்டினாவின் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறான்.
உள்ளே இத்தனை நரம்பு ஓடுவது
ஆறு வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரியாது.

"ரெண்டு எல்இடி, ஒரு ஹாரன்,
போனுக்கு ஒரு சார்ஜர் பாயிண்ட்.
பேட்டரி தாங்குமா?"
"உங்களுக்குத் தெரியாததா சார்.
மேலே இருக்கிறவனே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா
கடைமடைக்கு என்ன போகும்"
என்று பின்விளக்கைத் தட்டிக் காட்டினான்.

நான் நீர்வளத்துறையில் லஸ்கர்.
பதினொரு மைல் வாய்க்கால்,
சின்னதும் பெரிசுமாய் நாற்பத்தொரு மதகு, ஒரே சாவி.
முறை வைத்துத் தண்ணீர் விடும் மாதத்தில்
ராத்திரிதான் எனக்குப் பகல்.
பூட்டிய ஷட்டரை யாராவது
கடப்பாரை போட்டு நெம்பியிருப்பார்கள்.
கரை முழுக்க நண்டு வளை, கட்டுவிரியன், கழன்ற கருங்கல்.
கம்பெனிக்காரன் கொடுத்த விளக்கோ
முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வரும்.

ரிலே என்று ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தான்.
விரல் தொடும் சின்னக் கரண்டு
பெரிய கரண்டுக்குக் கதவைத் தூக்குமாம்.
இதை எனக்குப் புரியவைக்க
அவன் சிரமப்படவில்லை.

முதல் ராத்திரி
நானூறு அடிக்குக் கரை வெள்ளை வெளேரென்று விரிந்தது.
ஆமணக்கு இலையில் நரம்பு தெரிந்தது.
எதிர்கரை நாணலில் ஒரு வக்கா
கண்ணைச் சுருக்கிக்கொண்டு திட்டியது.
பதினெட்டாம் மதகில் எவனோ கம்பியைப் போட்டுவிட்டு ஓட,
அவன் லுங்கியின் கட்டத்தைக்கூட எண்ணினேன்.
மந்திரி மாதிரி வந்தேன் என்று சொல்ல
வெட்கமாக இருக்கிறது.
வந்தேன்.

மணி நாலரை.
காலனித் தெருவுக்குப் பின்னால்
கரை இடுப்பை ஒடிக்கும் வளைவு.
எட்டுப் பத்துப் பெண்கள்
ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

பழைய விளக்குக்கும் எழுந்தவர்கள்தான்.
கிட்டே வரும்போது எழுந்து, கடந்ததும் உட்கார்வார்கள்,
ஒரு பெருமூச்சு நேரம்.
இப்போது நானூறு அடிக்கு முன்னாலேயே எழுந்து,
மேடுபள்ளம் பார்த்து நான் உருண்டு வந்து சேரும்வரை
நின்றார்கள்.
ஒருத்தி நிறைமாதக்காரி,
பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்திருந்தாள்.
அரசாங்கம் கட்டிய கழிப்பறைகளில்
விறகு அடுக்கியிருப்பதைப் பகலில் பார்த்திருக்கிறேன்.
தண்ணீர் வராத குழாய்களையும்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து
கடை திறக்கும்வரை காத்திருந்தேன்.
இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு சுவிட்சே கிடையாது,
ஸ்டார்ட் பண்ணினால் எரியும், சட்டம் அப்படி.
"அதை வெட்டி ஒரு சுவிட்ச் போடணும்.
எல்லா விளக்குக்கும் சேர்த்து, இடது கட்டைவிரல் பக்கம்."
"இருட்டு கேட்டு வந்த முதல் கஸ்டமர் நீங்கதான்.
போலீஸ் பிடிச்சா என் கடை பேரைச் சொல்லிடாதீங்க."
ஏன் என்று கேட்டான்.
பதில் சொல்லாமல் நின்றேன்.
பிளையரைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தவன்
"கரையா?" என்றான்.
சுவிட்சுக்கு அறுபது ரூபாய்.
கூலி வாங்கவில்லை.

கருவேல மரம் வந்ததும் கட்டைவிரல்.
வண்டி தன் சத்தத்தை மட்டும் முன்னே அனுப்புகிறது.
இடப்பக்கம் தண்ணீர் வாசம், வலப்பக்கம் எரு வாசம்,
நடுவில் என் சக்கரம்.
மனசுக்குள் அறுபது எண்ணினால் கல்வெர்ட்.
முப்பத்தெட்டில் ஒரு பள்ளம்,
இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

நேற்று நாற்பதைத் தாண்டும்போது
உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒரு குரல்:
"யாரு, லஸ்கரா?
எங்க பக்கம் முறை எப்ப?"
"புதன் விடியக்காலை" என்றேன்,
நிறுத்தாமல், திரும்பாமல்.
"சரி சரி, போ."

எண்ணிக்கை விட்டுப்போனது.
கல்வெர்ட் கடந்ததா என்று தெரியாமல்
இன்னும் கொஞ்ச தூரம்
விளக்கைப் போடாமலே போனேன்.