என்ன சரக்கு

ஆல்பேட்டை சோதனைச் சாவடியில்
இரவு பதினொன்றே காலுக்கு
எங்கள் குட்டியானையை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
புதுச்சேரியிலிருந்து வரும் எல்லா வண்டியிடமும்
கேட்கிற கேள்விதான்:
என்ன சரக்கு?

படம் சார், என்றேன்.
ஓட்டுகிற பையன் சிரித்துவிட்டான்.
ஏட்டையா சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நாள்
சுஃப்ரேன் வீதியில், குளிரூட்டிய வெள்ளைச் சுவரில்
தொங்கிவிட்டு வருகின்றன.
வாசலில் என் பெயர் மட்டும்.
மு. கயற்கண்ணி, தனிநபர்க் கண்காட்சி.
அதில் ‘தனி’ என்ற இரண்டெழுத்தைக்
கோணாமல் ஒட்ட
மூன்று பேர் ஏணியைப் பிடித்தார்கள்.

தார்ப்பாயை விலக்கு, என்றார்.
டார்ச் வெளிச்சம் முதலில் விழுந்தது வலைமேல்.
அதில் ஒரு முடிச்சும் என்னுடையதில்லை.
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி,
ஏலம் முடிந்த மதியங்களில்,
கிழிந்ததை அப்படியே விட்டு
கிழியாததை வெட்டியெடுத்துத் தந்தாள்.
‘நீ ஓட்டையத்தானே கேட்ட?’

வலைக்குப் பின்னால் கையுறைகள், நாற்பத்தொன்று.
சிப்காட்டில் சாயத்தொட்டி ஷிப்ட் முடித்து
தணிகாசலம் கழற்றிப் போட்டவை.
ஒற்றைப்படையில் நிற்கிறதே என்றதற்கு
இடது கைதான் சீக்கிரம் போகும், என்றார்.
அந்த நீலத்தை
எத்தனை முறை கலக்கியும் எனக்கு வரவில்லை.

திறப்பு நாளன்று
ஒரு பெண்மணி அதன் முன்னால் வெகுநேரம் நின்று
‘கடல்’ என்றார்.
நான் தலையாட்டிவிட்டேன்.
பக்கத்திலேயே இருந்தார் தணிகாசலம்,
மடிப்புக் கலையாத சட்டையில்.
கைகளை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெளிச்சம் நகர்கிறது.
பாதி நெற்றி, ஒரு கண்.
மஞ்சக்குப்பம் ஃப்ளெக்ஸ் கடையில்
மை தீர்ந்து நின்றுபோன முகம்.
மணமகளா, காலமானவரா, கவுன்சிலரா,
மணிபாலனுக்கே நினைவில்லை.
எறிய மனம் வராமல்
சுருட்டி வைத்திருந்தான்.

பிஸ்டன் வளையங்களால் ஆன சட்டம்
நூர் சாகிப் பற்றவைத்தது.
அதற்குள், காயாத வெள்ளையில்,
அவர் மகள் ஃபர்ஹானா
எங்களைக் கேட்காமல் விரலால் போட்ட
கூட்டல் கணக்கு.
விடை தப்பு.
வந்தவர்கள் அதன் அருகில் நின்றுதான்
அதிகம் செல்ஃபி எடுத்தார்கள்.

விற்றது எதுவும் இல்லையா, என்றார் ஏட்டையா,
வேலையை மறந்து.
சிவப்புப் பொட்டு ஒன்றே ஒன்று விழுந்தது சார்.
அதுவும்
நான் ஒருத்தியாக உட்கார்ந்து வரைந்த
உள்ளங்கையளவு பென்சில் படத்துக்கு.
அது இந்த வண்டியில் இல்லை.

‘பாட்டில்?’
ஒன்று இருக்கிறது சார், பசை.
திறந்து முகர்ந்தார்.
முகத்தைச் சுளிக்காமல் மூடித் தந்தார்.

பிறகு
டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு,
சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார்:
இதெல்லாம் யாருது?

சுஃப்ரேன் வீதியில் யாரும் கேட்கவில்லை.
அங்கே சுவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பதிவேட்டை நீட்டினார்.
வண்டி எண், சரக்கு, உரிமையாளர்.
மூன்றாவது கட்டம் கட்டைவிரல் அகலம்.
என் பெயரை எழுதிக்
காற்புள்ளி வைத்தேன்.
அஞ்சலாட்சி, என்று எழுதினேன்.
எழுத்தைச் சிறிதாக்கித் தணிகாசலம்.
இன்னும் சிறிதாக்கி மணிபாலன்.
நூர் சாகிப் கோட்டைத் தாண்டிவிட்டார்.
ஃபர்ஹானா
அடுத்த வரிக்கே போய்விட்டாள்.
ஏணி பிடித்த மூன்று பேரின் பெயரை
யோசித்துக்கொண்டிருந்தேன்,
பேனா அந்தரத்தில்.

பின்னால் ஹாரன்.
‘எம்மா,
அடுத்த வண்டிக்கு
இடம் வுடும்மா.’