இரண்டு மணிக் கட்டம்

வேலூரிலிருந்து வந்த தாளில்
ஒரு நாளுக்கு இருபத்து நான்கு கட்டங்கள்.
செய்த வேலைக்கு நேராக நிமிடம் எழுத வேண்டும்.
நாடி பார்த்தது, குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது,
ஊசி, கையுறை, தொப்புள்கொடி.
மூன்று மாதம் பேனாவை நூலில் கட்டிக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம்
ஏழு பேரும்.

குடியாத்தம் அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில்
சித்திரை வெயில் ராத்திரியிலும்
சுவரை விட்டு இறங்குவதில்லை.
வலிக்கு நடுவே என் தாளை எட்டிப் பார்த்தாள் ரிஹானா,
பீடி சுற்றுகிறவள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
"உங்களுக்கும் கட்டுக் கணக்குதானா சிஸ்டர்?
ஆயிரத்துக்கு எவ்ளோ தர்றாங்க?"
சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வலி.
என் மணிக்கட்டைப் பிடித்தவள்
பதினோரு நிமிடம் விடவில்லை.
அதற்குத் தாளில் பெயர் இல்லை.
'மற்றவை' என்ற கடைசிப் பத்தியில் போட்டேன்.

மற்றவை பெருத்துக்கொண்டே போனது.
ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேடியது, மற்றவை.
பெண் என்று கேட்டதும் கேட்டைத் தாண்டிப் போன கணவனைக்
கூப்பிட்டு வந்தது, மற்றவை.
பேரணாம்பட்டுப் பெண்ணின் காதில்
தபித்தாள் தன் அரைகுறை உருதுவில்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது.
ரத்தம் கேட்டு அடுக்கம்பாறைக்குப் போன் போட்டு
"லைன்ல இருங்க" என்ற குரலோடு நின்றது.
சிறுநீரை அடக்கிக்கொண்டது மட்டும்
எதிலும் சேராது.
அது வேலை இல்லையாம்.

பிறகு ஒரு நாள் புள்ளியியல் பிரிவிலிருந்து முகில்வண்ணன்:
"பதினேழாம் தேதி ராத்திரி ரெண்டுலேர்ந்து மூணு
கட்டம் காலியா இருக்கே மேடம்.
வேலை இல்லைன்னு எடுத்துக்குது கம்ப்யூட்டர்."
குரலில் குற்றச்சாட்டே இல்லை.
அதுதான் எரிந்தது.

பிறப்புப் பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைச் சொல்வார்கள்.
ஆள் இல்லாத பணியிடம் என்பதையும்
யாராவது சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டு பன்னிரண்டு, ஆண்.
இரண்டு முப்பத்தொன்று, பெண்.
இரண்டு நாற்பத்தொன்பது, பெண்.
கடைசிக் குழந்தை பிறந்தது தரையில்,
இரண்டு கட்டிலுக்கு நடுவே விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில்.
"நாங்க ரெண்டு பேர் சார், நாலு கை.
அஞ்சாவது கை இருந்திருந்தாலும்
அது பேனாவைத் தொட்டிருக்காது."

காலிக் கட்டத்தின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு கட்டைவிரல்.
"டீக் கறையா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
அவரும் திரும்பக் கேட்கவில்லை.
கட்டத்தை நிரப்பினார்.

மாதத்துக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரத்து அறுநூறு நிமிடம்.
ஒரு செவிலியால் தர முடிந்தது ஒன்பதாயிரம்.
வகுத்தால் பதினொன்று புள்ளி நாலு.
"புள்ளி நாலை விட்டுடலாமா?"
"அறுபது மணி நேரம் சார் அது.
இத்தனை நாளா அதை யார் தூக்கினாங்கன்னு நினைக்கிறீங்க?"
விடவில்லை. அப்படியே அடித்தார்.

ஆடியில் இரண்டு பேர் வந்தார்கள்,
ஆற்காட்டிலிருந்து ஒருத்தி, வாலாஜாவிலிருந்து ஒருத்தி,
அதுவும் டெபுடேஷனில்.
மீதி இரண்டு புள்ளி நாலு
கோப்பில் இருக்கிறதாம்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு
வாலாஜாக்காரி என்னைத் தள்ளாத குறையாய் அனுப்பினாள்.
பாத்ரூம் போனேன். முகம் கழுவினேன்.
ஆறாத டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.
ஒன்பது நிமிடம்.
பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது.
நூல் இருந்தது, பேனாவும் இருந்தது.
தாள்தான் போன மாதமே தீர்ந்துவிட்டது.