ஏழாம் அத்தியாயத்துக்குப் பொத்தான் இல்லை

ரீகாவில், மூடிப்போன மிட்டாய் ஆலையின் மூன்றாம் மாடியில்
நாங்கள் மூன்று பேர்
ஒரு நாவலை வீடியோ கேம் ஆக்கிக்கொண்டிருந்தோம்.
ஒன்பதாம் வகுப்புக்கு. அரசு மானியம்.
மார்ச் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

கதை பெரிதில்லை.
தௌகவா ஆறு உறைவதற்கு முந்தைய கடைசிப் படகு.
அக்கரையில் ஒரு மாவு மில்,
கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு,
அவளை மணக்கக் காத்திருக்கும் ஒருவன்.
துறையில் பெட்டியோடு அவள்.
ஏழாம் அத்தியாயம், கடைசி வரி:
அவள் ஏறவில்லை.

ஏன் என்று புத்தகம் சொல்லாது.
பரீட்சை மட்டும் வருஷம் தவறாமல் கேட்கும்.
'படகு கவிழ்ந்தால்? அவளுக்கு நீச்சல் தெரியாது' என்று எழுதி
பத்துக்கு மூன்று வாங்கியவன் நான்.
இப்போது அந்தப் படகுக்கு நிரல் எழுதுகிறேன்.

முதல் ஆறு அத்தியாயம் வழுக்கிக்கொண்டு போயிற்று.
கம்பரிசி அறுவடைக்கு அரிவாள்,
அரிவாளுக்குப் புள்ளிகள்.
நாவலில் ஓநாய் ஒரே ஒரு முறை ஊளையிடும்,
தூரத்தில்.
ரைதிஸ் பதினொன்று வரைந்துவிட்டான்.
எவெரீத்தா பத்தைக் கொன்றாள்,
திங்கட்கிழமைக் கூட்டத்தில்.

அப்புறம் துறை.
ஏறு, ஏறாதே என்று இரண்டு பட்டன் வைத்தேன்.
"அவள் மறுக்கலை," என்றாள் எவெரீத்தா.
"ஏறலை. அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா?"
எங்கள் மொழியில் 'இல்லை' வினைக்கு முன்னால் நிற்கும்,
வாசலிலேயே கழற்றி விட்ட செருப்பு மாதிரி.
அதை எந்த விரலுக்குக் கொடுப்பது?

ஏறாதே-வை எடுத்துவிட்டு
படகுக்கு முன் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பினோம்.
ரேஸெக்னேயில் ஒரு பள்ளிக்கூடம், சோதனை ஓட்டம்.
இருபத்தாறு பிள்ளைகள்.
இருபத்தாறு பெண்கள் பெட்டியோடு
காற்றில் போய் முட்டிக்கொண்டே இருந்தார்கள்.
நோர்முண்ட்ஸ் என்கிற பையன் சுவரில் ஓட்டை கண்டுபிடித்து
உலகத்தைவிட்டே கீழே விழுந்தான்.
ஆறு அவன் தலைக்கு மேல்,
மீன்களின் வயிறு தெரிய,
நாவலுக்கு அடியில் அவன் நீந்திக்கொண்டிருந்தான்.
"இதுக்கு எத்தனை பாயின்ட்?"
உண்மையில் அவன்தான் அன்று சந்தோஷமாக இருந்தான்.

சுவரை இடித்தேன்.
யார் வேண்டுமானாலும் ஏறட்டும்.
அடுத்த வாரம் எல்லோரும் ஏறினார்கள்,
மாவு மில்லில் கல்யாணம், வாணவேடிக்கை,
புத்தகம் எழுதியவர் கனவிலும் காணாத கேக்.

பின் வரிசையில் தைகாவுக்குப் பசி.
கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு
கறுப்பு ரொட்டியைப் பிய்த்தாள்.
திரையில் அந்தப் பெண் நின்றாள்.
அரை நிமிஷத்தில் கால் மாற்றி நின்றாள்,
ஒரு நிமிஷத்தில் சால்வையை இழுத்துவிட்டாள்.
அவ்வளவுதான் நான் எழுதியிருந்தது,
அன்றிரவு தூக்கம் வந்துவிட்டது.
பனி அவள் தோளில் சேர ஆரம்பித்தது.
அசையாத எதன்மேலும் சேரும் பனி அது,
விறகுக் குவியலுக்காக ரைதிஸ் எழுதியது.
படகு ஒரு முறை ஊதியது.
மறுபடி ஊதியது.
போனது.

தைகா மெல்லுவதை நிறுத்தினாள்.
"போயிருச்சு," என்றாள், யாரிடமும் இல்லை.
கன்ட்ரோலரைத் தொடவில்லை.
திரையில் அலை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏன் ஏறலை என்று ஆசிரியை கேட்டார்.
"ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன்."
என் மூன்று மதிப்பெண்ணில் பாதியை
அந்தப் பதிலுக்குத் தரலாம் போலிருந்தது.

பிழைப் பட்டியலில் ரைதிஸ் பதிந்தான்:
எதையும் அழுத்தாவிட்டால் படகு போய்விடுகிறது.
எவெரீத்தா மூடினாள்: தெரியும்.
அமைச்சகப் படிவத்தில்
'கற்றல் விளைவு' என்ற கட்டம் இன்னும் காலி.

இரவு, ஹீட்டர் அணைந்த பிறகு
நான் மட்டும் விளையாடிப் பார்க்கிறேன்.
கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.
பனி சேருகிறது. முதல் ஊதல்.
சால்வையை இழுத்துவிடுகிறாள்.
இரண்டாம் ஊதலில்
எப்படியோ வந்துவிடுகிறது என் கட்டைவிரல்,
ஒவ்வொரு முறையும்
ஏறிவிடுகிறேன்.